ப்ளேஆஃப் ஜெயிப்பது எப்படி? தோற்றவன் சொல்கிறேன்



செமஸ்டர் முடிகிற நேரத்தில்தான் எனக்கு எழுத வரும். இரண்டு ரிப்போர்ட் பாக்கி, ஒரு ப்ராஜெக்ட் பாதியில் நிற்கிறது. அதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு இன்றைக்கு அமெரிக்க ஃபுட்பால் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். 'விஸ்கான்சின் போய் ரெண்டு பனிக்காலம் ஆகலை, அதுக்குள்ள பீட்டர் விடறான் பாரு' என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். கடைசியில் நம்ம ஊர் செம்மண் மைதானத்துக்குத்தான் வரப் போகிறேன். என்னோடு ஸ்கூலில் படித்தவர்கள் மட்டும் பாதியில் ஓடாமல் கடைசி வரை படித்துவிடுங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது.

முதலில் ஆட்டம். நம்ம ஊர் ஃபுட்பாலுக்கு இங்கே சாக்கர் என்று பெயர். இவர்கள் ஃபுட்பால் என்று சொல்வதில் காலுக்கு வேலை ரொம்பக் கம்மி. இரண்டு முனையும் கூம்பிய ஒரு பந்து. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், இல்லாவிட்டால் எறிகிறார்கள். எதிராளி மேலே விழுந்து அமுக்குகிறான். முதல்முறை பார்த்தபோது, கபடி ஆடுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஹெல்மெட் போட்டுக்கொண்டு பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி இருந்தது :-)

கணக்கு சுலபம். மைதானம் 100 யார்டு. பந்து கையில் இருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அந்த நாலுக்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் புதிதாக நாலு வாய்ப்பு. அப்படியே போய்க் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. தாண்டிய பிறகு பந்தை உதைத்து 1 புள்ளி போனஸ் வாங்கலாம், அல்லது துணிந்து இன்னொருமுறை கோட்டைத் தாண்டிக் காட்டி 2 புள்ளி வாங்கலாம். கோடு வரை போக முடியாது என்று தோன்றினால், நாலாவது வாய்ப்பில் இரண்டு கம்பத்துக்கு நடுவே உதைத்து 3 புள்ளி. இதற்குப் பெயர் ஃபீல்ட் கோல். அதற்கும் வழியில்லை என்றால் பந்தை எதிரணி பக்கம் தூரமாக உதைத்துவிட்டுத் தடுப்பு வேலைக்குத் தயாராக வேண்டியதுதான். எதிரணி எறிந்த பந்தை நாம் நடுவில் பறித்தால் இன்டர்செப்ஷன். மொத்தம் 60 நிமிடம். இவ்வளவு தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

அடுத்தது ப்ளேஆஃப். என்எஃப்எல்லில் 32 அணிகள். சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டம் (2020 வரை 16 தான்). அதில் முன்னால் வரும் 14 அணிகள் ப்ளேஆஃப் போகும். அங்கே தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நம்ம ஐபிஎல்லில் முதல் இரண்டு இடத்தில் வந்த அணி ஒருமுறை தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. என்பிஏ கூடைப்பந்து ப்ளேஆஃபில் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டம் வரை போகும் தொடர். இங்கே அந்தக் கருணையெல்லாம் கிடையாது. நாலு மாசம் உழைத்ததை ஒரு சாயங்காலம் தீர்மானிக்கும்.

எங்கள் டிபார்ட்மென்ட் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். லேத், மில்லிங் எல்லாம் அவர் கையில். நாங்கள் கிறுக்கிக் கொண்டுபோகும் படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டே சரியாகச் செய்து கொடுத்துவிடுவார். அவர் மேசைக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் தொங்குகிறது. பி.ஹெச்டியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் ஒரு பங்கு!

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மற்ற அணிகளுக்கெல்லாம் கோடீஸ்வர முதலாளிகள். பேக்கர்ஸுக்கு மட்டும் முதலாளி கிடையாது. லட்சக்கணக்கான பொதுமக்கள்தான் பங்குதாரர்கள். டிவிடெண்ட் ஒரு பைசா வராது, பங்கை வெளியே விற்று லாபம் பார்க்கவும் முடியாது. ஆனாலும் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். கிரீன் பே ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சம் சொச்சம். நம்ம ஊர்க்கணக்கில் ஒரு நகராட்சி. அந்த ஊருக்கு ஒரு அணி, அந்த அணிக்கு இந்த மாநிலமே ரசிகர் மன்றம்.

போன ஜனவரியில் ஒருநாள் பெரியவரிடம் விளையாட்டாகக் கேட்டேன். "ப்ளேஆஃப் ஆட்டம் ஜெயிக்க என்ன சார் செய்யணும்?" அவர் மெஷினை நிறுத்திவிட்டு, 2015 ஜனவரி 18 ஆட்டத்தை முழுசாகப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். என்னென்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறதாம், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதும் இருக்கிறதாம். தான் மட்டும் அதை இன்னொருமுறை பார்க்கப் போவதில்லை என்றார்.

ஒரு பனி ராத்திரியில் ரூம்மேட் தூங்கிய பிறகு பார்த்தேன். சியாட்டிலில் நடந்த ஆட்டம். சியாட்டில் சீஹாக்ஸ் அப்போதைய சாம்பியன். பேக்கர்ஸுக்கு ஆரன் ராட்ஜர்ஸ் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிற தளபதி. கெண்டைக்கால் காயத்தோடு ஆடினார். ஜெயித்தால் சூப்பர் பவுல் இறுதிப் போட்டி. இரண்டு அணியும் அந்த சீசனில் 12 ஜெயித்து 4 தோற்றவை. சரிசமம்.

பார்த்து முடித்ததும் நோட்டில் ஐந்து பாயின்ட் எழுதினேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒன்று: பந்தைத் தொலைக்காதே.

இதைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். பந்தை எதிரணியிடம் அதிகம் பறிகொடுக்கும் அணி பெரும்பாலும் தோற்கும். நாமே ஒரு வாய்ப்பைத் தூக்கி அவன் தட்டில் வைக்கிறோம் இல்லையா? அன்றைக்கு சியாட்டில் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் எறிந்ததில் நாலு பந்தை பேக்கர்ஸ் பறித்தார்கள். போதாக்குறைக்கு சியாட்டில் ஆள் ஒருவர் கிக்காஃபில் பந்தைக் கீழே போட்டு அதுவும் பறிபோனது. ஆக ஐந்து. பேக்கர்ஸ் பறிகொடுத்தது இரண்டுதான். இடைவேளையில் ஸ்கோர் 16-0. இந்த ஒரு பாயின்ட் மட்டும் போதும் என்றால் அன்றைக்கு பேக்கர்ஸ் ஜெயித்திருக்க வேண்டும்.

இரண்டு: வாசல் வரை போனால் உள்ளே போ.

முதல் கால் மணி நேரத்திலேயே பேக்கர்ஸ் இரண்டு தடவை கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு யார்டு தூரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரு யார்டு என்றால் மூணு அடி. குப்புற விழுந்தால் கை கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். இரண்டு தடவையும் நாலாவது வாய்ப்பு. இரண்டு தடவையும் கோச் மைக் மெக்கார்த்தி உதைக்கிறவரை அனுப்பி மூணு புள்ளி போதும் என்று வாங்கிக்கொண்டார். மேசன் கிராஸ்பி அன்று ஐந்து ஃபீல்ட் கோல் அடித்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. 22 புள்ளியில் 16 அவர் காலில் வந்தது. உதைக்கிறவருக்கு அது நல்ல நாள், அணிக்கு அப்படி இல்லை. ஏழு எடுக்க வேண்டிய இடத்தில் மூணு எடுத்தால், எதிராளிக்கு உயிர் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

மெக்கார்த்தியைக் குறை சொல்வது எளிது. நானாக இருந்தாலும் மூணைத்தான் வாங்கியிருப்பேன். அரியர் வைக்காமல் பாஸானால் போதும் என்று படித்தவன் நான்.

மூன்று: மணி அடிக்கும் வரை ஆடு.

இந்த இடத்தில்தான் பெரியவரின் தம்பி அரிசோனாவுக்கு விமான டிக்கெட் தேட ஆரம்பித்தாராம் (அந்த வருஷம் சூப்பர் பவுல் அங்கே). ஸ்கோர் 19-7. ஆட்டம் முடிய 5 நிமிடம் 4 விநாடி. வில்சனின் நாலாவது இன்டர்செப்ஷனை மார்கன் பர்னெட் பிடிக்கிறார். அவருக்கு முன்னால் காலி மைதானம். ஓடியிருக்கலாம். பக்கத்தில் இருந்த சீனியர் ஜூலியஸ் பெப்பர்ஸ் 'கீழே படு' என்று கை காட்டுகிறார். பர்னெட் அப்படியே சறுக்கி உட்கார்ந்துவிட்டார். பந்து பத்திரமாக இருக்கிறது, நேரத்தைக் கரைத்தால் முடிந்தது என்று நினைப்பு.

அப்புறம் பேக்கர்ஸ் மூணு தடவை பந்தைக் கையில் கொடுத்து ஓட விட்டார்கள். முன்னேறவில்லை, பின்னால்தான் வந்தார்கள். தூர உதைத்துவிட்டார்கள். இவ்வளவுக்கும் கரைந்த நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். வில்சன் கையில் மறுபடி பந்து. 2 நிமிடம் 9 விநாடி இருக்கும்போது சியாட்டில் டச்டவுன். 19-14.

ஜெயிக்க ஆடுவதை நிறுத்திவிட்டு, தோற்காமல் இருக்க ஆட ஆரம்பிக்கிற ஒரு கணம் இருக்கிறது. டிவியில் பார்த்தால் அது நிதானம் மாதிரிதான் தெரியும்.

நான்கு: சில்லறை வேலையைச் சில்லறையாக நினைக்காதே.

ஒவ்வொரு அணியிலும் தாக்குகிற குழு, தடுக்கிற குழு தவிர மூணாவதாக ஒன்று உண்டு. பந்தை உதைப்பது, உதைத்த பந்தை வாங்குவது மாதிரி வேலைகளுக்கு. ஸ்பெஷல் டீம்ஸ் என்று பெயர். பெயர்தான் ஸ்பெஷல். அந்த நேரத்தில்தான் டிவி பார்க்கிறவர்கள் எழுந்து சமையலறை பக்கம் போவார்கள்.

சியாட்டிலின் முதல் டச்டவுன் இங்கேதான் வந்தது. மூணாவது குவார்ட்டரில் ஃபீல்ட் கோல் உதைக்கப் போகிற மாதிரி நின்றார்கள். பந்தைத் தரையில் பிடித்துக் கொடுக்க வேண்டிய ஜான் ரயன் பந்தோடு எழுந்து ஓடி, கேரி கில்லியம் என்ற தடியருக்கு எறிந்தார். கில்லியமின் வழக்கமான வேலை எதிராளியைத் தள்ளி நிறுத்துவது. பந்தே கைக்கு வராத வேலை. அவர் பிடித்தார். 16-7. செத்துக் கிடந்த ஸ்டேடியம் எழுந்து உட்கார்ந்தது.

ஐந்து: உன் வேலையைச் செய்.

ஸ்கோர் 19-14. மீதி 2 நிமிடம் 9 விநாடி. இப்போது சியாட்டில் ஆன்சைட் கிக் அடிக்கும். அதாவது தூர உதைக்காமல் குட்டியாக உதைத்து, பந்து 10 யார்டு தாண்டியதும் தாங்களே பாய்ந்து பிடிக்கப் பார்ப்பது. அது அமைவது அபூர்வம். பேக்கர்ஸ் அந்தப் பந்தைப் பிடித்துவிட்டால் கிட்டத்தட்ட முடிந்தது.

பேக்கர்ஸ் வரிசையில் முன்னால் பிராண்டன் போஸ்டிக் என்ற பையன். எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காமல், தானாக வாய்ப்புத் தேடி உள்ளே வந்தவர். அவருக்குப் பின்னால் ஜோர்டி நெல்சன், அணியிலேயே நல்ல கைகள் அவருக்குத்தான். போஸ்டிக்கின் வேலை பந்தைப் பிடிப்பது இல்லை. முன்னால் ஓடிவருகிறவனை மறித்து நிறுத்துவது. பிடிப்பது நெல்சனின் வேலை.

பந்து தரையில் பட்டு மேலே எழும்பி நேராக போஸ்டிக்கை நோக்கி வருகிறது. பெரிய பந்து, உயரமாக, மெதுவாக. யாராக இருந்தாலும் கை தூக்கத் தோன்றும். அவர் எம்பினார். பந்து கையில் தங்காமல் ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்தது. சியாட்டிலின் கிறிஸ் மேத்யூஸ் அதைப் பிடித்துவிட்டார்.

மீதி ரொம்ப வேகமாக நடந்தது. மார்ஷான் லிஞ்ச் 24 யார்டு ஓடி டச்டவுன். சியாட்டில் 20, பேக்கர்ஸ் 19. அப்புறம் இரண்டு புள்ளி முயற்சி. வில்சன் துரத்துகிறவர்களிடம் தப்பிப் பின்னால் பின்னால் ஓடி, கண்ணை மூடிக்கொண்டு எறிந்த மாதிரி ஒரு பந்தை மைதானத்தின் மறுபக்கம் தூக்கிப் போட, அது அந்தரத்தில் மிதந்து மிதந்து லூக் வில்சன் கையில் விழுந்தது. 22-19. ஆட்டம் முடிய 14 விநாடி இருக்கும்போது கிராஸ்பி 48 யார்டிலிருந்து உதைத்துச் சமன் செய்தார். அந்த மிதந்த பந்து மட்டும் கீழே விழுந்திருந்தால் அதே உதை 22-20 என்று பேக்கர்ஸை ஜெயிக்க வைத்திருக்கும்.

கூடுதல் நேரத்தில் டாஸ் சியாட்டிலுக்கு. அப்போதைய விதிப்படி முதலில் பந்து வாங்கிய அணி டச்டவுன் அடித்தால் ஆட்டம் அதோடு சரி. (ப்ளேஆஃப் ஆட்டங்களுக்கு 2022இல் இதை மாற்றி, இரண்டு அணிக்கும் ஒரு வாய்ப்பு உறுதி என்று ஆக்கினார்கள்.) வில்சன் எறிந்த 35 யார்டு பந்தை ஜெர்மெய்ன் கெர்ஸ் பிடித்தார். 28-22. முடிந்தது. அன்று முழுக்க சொதப்பிய கெர்ஸ், சொதப்பிய வில்சன். கூடுதல் நேரத்தில் ராட்ஜர்ஸ் பந்தைத் தொடவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து சூப்பர் பவுல். அதே சியாட்டில், எதிரே நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், 28-24 என்று பேட்ரியாட்ஸ் முன்னிலை. சியாட்டில் கோட்டுக்கு ஒரு யார்டில் நிற்கிறது, அரை நிமிடம்கூட இல்லை. வில்சன் எறிந்ததை மால்கம் பட்லர் என்ற புதுப்பையன் பாய்ந்து பறித்து ஆட்டத்தை முடித்தார். போஸ்டிக் மாதிரியே டிராஃப்டில் யாரும் எடுக்காத ஆள். பயிற்சியில் இதே ஆட்டமுறையில் ஏமாந்து, இந்த முறை அடையாளம் கண்டுகொண்டார். எல்லாரும் பட்லரைத்தான் பார்ப்பார்கள். வீடியோவை நிறுத்திப் பாருங்கள். பட்லருக்கு வழி எப்படி வந்தது? அவரை இடித்துத் தடுக்க வேண்டிய கெர்ஸை, பிராண்டன் பிரவுனர் என்பவர் இருந்த இடத்திலேயே பிடித்து நிறுத்திவிட்டார். பிரவுனர் பந்தைத் தொடவில்லை, பந்தைப் பார்க்கவும் இல்லை. அவருக்குக் கொடுத்த வேலை கெர்ஸ். அதைச் செய்தார்.

அந்த ராத்திரி போஸ்டிக் பந்தை மட்டும் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று தெரியாது. ரூம்மேட் எழுந்து, "மணி மூணுடா, படு" என்றான். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பந்து எனக்குத் தெரிந்த பந்து.

இப்போது கொசுவர்த்தி சுத்த வேண்டும்.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது சோனல் ஃபுட்பால். திண்டுக்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஃபுட்பால் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாக்-அவுட் ஆட்டம்தான் அதுவும், தோற்றால் அடுத்த வருஷம். நான் ஸ்டாப்பர் பேக். கோலி யார் என்று உங்களுக்குத் தெரியும், பெயர் போட மாட்டேன். செமி ஃபைனல். நாங்கள் 1-0. இன்னும் நாலைந்து நிமிஷம்தான். அவர்களுக்கு ஒரு கார்னர்.

இடைவேளையில் பி.டி. சார் என் காதைப் பிடித்துச் சொல்லியிருந்தார். "அந்த ஒம்பதாம் நம்பரை விடாத. அவன் எங்க போறானோ நீயும் போ. பந்தைப் பாக்காத. பந்து கோலிக்கு." இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் சொல்ல முடியாது.

கார்னர் வந்தது. உயரமாக, மெதுவாக. பின்னால் இருந்து "கீப்பர்! விடு!" என்று அவன் கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டும் எம்பினேன். ஏன் என்று இத்தனை வருஷமாக யோசித்தும் பதில் இல்லை. பந்து அவ்வளவு அழகாக வந்தது, அவ்வளவுதான். என் தலையின் உச்சியில், முடியில் என்றே சொல்லலாம், லேசாக உரசியது. திசை ஒரு சாண் மாறியது. கோலி கையை வைத்த இடத்துக்குப் பந்து வரவில்லை. உள்ளங்கையின் ஓரத்தில் பட்டுக் கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் ஒம்பதாம் நம்பர் நின்றான், தனியாக. நான் அவனை விட்டுவிட்டுத்தானே எம்பினேன்.

1-1. டை பிரேக்கரில் தோற்றோம்.

வெளியே நின்றவர்கள் பார்த்தது ஒன்றுதான்: கோலி கையிலிருந்து பந்து விழுந்தது. என் முடி உரசியதை யாரும் பார்க்கவில்லை. பி.டி. சார் அவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "கையில வெண்ணெய் தடவிட்டு வந்தியாடா?" என்றார். அவன் ஒன்றும் பேசவில்லை. என்னை ஒருமுறை பார்த்தான். அவனுக்குத் தெரியும். பந்து திசை மாறியதை அவனைவிட யார் கிட்டத்தில் பார்த்திருக்க முடியும்?

நான் குனிந்து பூட்ஸ் லேஸ் அவிழ்க்க ஆரம்பித்தேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அந்த லேஸ் அவிழ ரொம்ப நேரம் ஆனது. நிமிர்ந்தபோது எல்லாரும் வேனில் ஏறியிருந்தார்கள்.

அடுத்த வருஷம் அவன் டீமுக்குப் பெயர் கொடுக்கவில்லை. ப்ளஸ் டூ, படிக்கணும் என்றான். நம்பினோம். நான் பெயர் கொடுத்தேன், ஆடினேன், சான்றிதழ்கூட வாங்கினேன். அவனுக்கு 'வெண்ணெய்' என்று பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது அந்தப் பெயரைப் போட்டுக் கிண்டல் செய்தால் அவன் ஒரு சிரிக்கிற பொம்மை அனுப்புவான். ஒருமுறை நானும் அதற்குச் சிரிக்கிற பொம்மை அனுப்பியிருக்கிறேன். ஏன்டா அனுப்பினோம் என்று அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் அழிக்கவில்லை.

மறுநாள் பெரியவரிடம் போய், ஐந்து பாயின்ட்டையும் வாசித்துக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், போஸ்டிக் ஆட்டத்துக்கு அப்புறம் என்ன செய்தார் என்று பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை. போய்ப் பார் என்றார்.

பார்த்தேன். தோற்ற அணியின் உடை மாற்றும் அறை. போஸ்டிக் பின்வாசல் வழியாக ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவரைச் சுற்றி மைக், கேமரா. தன் வேலை மறிப்பது மட்டுமே என்றும், பின்னால் நின்ற நெல்சன் பந்தைப் பிடித்திருக்க வேண்டும் என்றும், தான் அதைச் செய்யவில்லை என்றும் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். வெயில் கண்ணில் பட்டது, பந்து வழுக்கியது என்று எதுவும் இல்லை. அடுத்த மாதமே பேக்கர்ஸ் அவரை விடுவித்துவிட்டது. நாடு முழுக்கத் திட்டியது. அப்புறமும் வேறு அணிகளில் வாய்ப்புத் தேடி ஆடினார்.

யோசித்தால், அந்தத் தோல்விக்கு எத்தனை பேர் பங்கு! இரண்டு தடவை மூணு புள்ளியில் திருப்திப்பட்ட கோச், சறுக்கி உட்கார்ந்தவர், உட்காரச் சொன்னவர், போலி ஃபீல்ட் கோலில் ஏமாந்தவர்கள், மிதந்த பந்தைத் தட்டிவிடாதவர்கள். போஸ்டிக் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டார். அதனால் மற்றவர்களும் தங்கள் பங்கைப் பார்க்க வேண்டி வந்தது. பேக்கர்ஸ் அதற்கப்புறம் 2017, 2020, 2021 ஜனவரிகளில் மூன்று முறை இதே கட்டம் வரை போய்த் தோற்றார்கள் என்பது வேறு கதை. பெரியவருக்கு அதெல்லாம் இவ்வளவு வலிக்கவில்லையாம். அவை எதிராளி ஜெயித்த ஆட்டங்கள் என்கிறார்.

ஆக, ப்ளேஆஃப் ஜெயிக்க என்ன செய்ய வேண்டும்? பந்தைத் தொலைக்காதே. வாசல் வரை போனால் உள்ளே போ. மணி அடிக்கும் வரை ஆடு. சில்லறை வேலையை ஒழுங்காகச் செய். உன் வேலையை மட்டும் செய், பந்து எவ்வளவு அழகாக வந்தாலும். இந்த ஐந்தும் அன்றைய ஆட்டத்துக்கு. அடுத்த ஆட்டத்துக்கு ஆறாவதாக ஒன்று வேண்டும்: நீ செய்த தப்பை நீயே சொல். நீ சொல்லாவிட்டால் அது இன்னொருத்தன் தலையில் போய் உட்காரும். நல்ல கோலி ஒருத்தனை அணி இழக்கும். எங்கள் அணி இழந்தது.

கோலி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நான் எழுதுகிற மொக்கை எல்லாவற்றையும் படிக்கிறவன் நீ. அன்னைக்குப் பந்து என் தலையில பட்டுச்சுடா. நீ கத்தினதும் கேட்டுச்சு. உன் கை சரியாத்தான் இருந்துச்சு. சார் கேட்டப்ப சொல்லியிருக்கணும், சொல்லலை. மன்னிச்சிடு. ஊருக்கு வரும்போது சாரையும் போய்ப் பார்த்து நேரில் சொல்கிறேன், நீ கூட வந்தால் நல்லது, வராவிட்டாலும் போவேன்.

மற்ற எல்லாருக்கும்: இனிமேல் குரூப்பில் அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். யாரையாவது கூப்பிட்டே ஆகணும் என்றால், அந்தப் பெயருக்கு நான் இருக்கிறேன்.

சரி, ரிப்போர்ட் காத்திருக்கிறது. வர்றேன்.